வெளிச்சம் எங்கே போயிற்று?

எமது நண்பர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் வண்டியொன்று உண்டு. அவருடைய தந்தையார் வாங்கிய அவ்வண்டி இன்றும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றது. சென்ற மாரிகாலத்தில், திருமண வீடொன்றுக்குச் சென்று வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பிய இரவில், அதன் முன்விளக்குகள் மிகவும் மங்கி எரிந்தன. ஆனையிறவை அண்மித்தபோது, பின்விளக்கில்லாத சைக்கிளில் சென்ற முதியவர் ஒருவரை மிகக் கிட்ட வந்த பின்னரே நண்பர் கண்டார். தெய்வாதீனமாக விபத்து நேரவில்லை.

மறுநாள் அவர் செய்தது என்ன? கடைக்குச் சென்று 100 உவாற்று மின்குமிழ்கள் இரண்டை வாங்கிப் பொருத்தினார். வெளிச்சம் சிறிது கூடிற்று. ஆனால், மூன்றாம் நாள் இரவு ஆளிப்பலகையின் பின்னாலிருந்து கருகல் மணம் எழுந்தது. பின்னிருக்கையிலே பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். அதன் பின்னரே நண்பர் எம்மிடம் வந்தார்.

பழைய வண்டி வைத்திருப்போர் பலர் இதே பிழையைச் செய்கின்றனர். விளக்கு மங்கினால் மின்குமிழைக் குறை கூறுகின்றோம். அல்லது பற்றரியைக் குறை கூறுகின்றோம். பெரும்பாலும் குற்றம் இவ்விரண்டிலும் இல்லை. இவற்றுக்கு இடைப்பட்ட வழியிலேதான் இருக்கின்றது.

மொறிஸ் மைனரில் அவ்வழி எளிமையானது. பற்றரியிலிருந்து வரும் மின்னோட்டம் ஆளிப்பலகையிலுள்ள விளக்கு ஆளியை அடைகின்றது. அங்கிருந்து நீலக் கம்பி வழியாக, சாரதி காலால் அழுத்தும் ‘டிப்’ ஆளிக்குச் செல்கின்றது. அதன் பின்னர் நீலமும் வெள்ளையும் கலந்த கம்பி உயர் ஒளிக்கும், நீலமும் சிவப்பும் கலந்த கம்பி தாழ் ஒளிக்கும் மின்னைக் கொண்டுசெல்கின்றன. விளக்கை எரித்த மின்னோட்டம் கறுப்புக் கம்பி வழியாக வண்டியின் உடலை அடைந்து, அவ்வுடலின் வழியே பற்றரிக்குத் திரும்புகின்றது. இத்திரும்பும் வழியையே ‘ஏர்த்’ என்கின்றோம்.

இவ்வழியில் துரு ஏறிய இணைப்பு ஒவ்வொன்றும் சிறு தடையாகும். மாணவர்கள் ஓமின் விதியை இங்கே நினைவு கூரலாம். 42 உவாற்று மின்குமிழ்கள் இரண்டு, 12 வோல்ற்றில் 7 அம்பியர் மின்னைப் பெறுகின்றன. அவ்வழியில் ஓர் ஓமின் பத்திலொரு பங்கு தடை இருந்தாற்கூட 0.7 வோல்ற்று வீணாகிவிடும். இழைவிளக்குக்கு வோல்ற்று நூற்றுக்கு 10 குறைந்தால், வெளிச்சம் நூற்றுக்கு 30 அளவில் குறைந்துவிடும்.

100 உவாற்று மின்குமிழ்கள் இரண்டைப் பொருத்தினால் 16 அம்பியருக்கு மேல் மின் ஓடவேண்டும். தடையுள்ள வழியில் இழப்பும் வெப்பமும் அதற்கேற்பப் பெருகும். மொறிஸ் மைனரின் முன்விளக்கு வழியிலே உருகி கிடையாது என்பதையும் மறத்தலாகாது. கருகல் மணம் வந்த காரணம் இதுவே.

குற்றத்தைக் கண்டறியும் முறை கடினமன்று. இரு விளக்குகளும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் மங்கி, வேகம் கூடியதும் ஒளிர்ந்தால் டைனமோவையும் பற்றரியையும் பார்க்கவேண்டும். உயர் ஒளி நன்றாக எரிந்து, தாழ் ஒளி இரு பக்கமும் எரியாவிடில் ‘டிப்’ ஆளியைச் சோதிக்கவேண்டும். ஒரு விளக்கு மட்டும் மங்கினால் அப்பக்கத்துக் கம்பி இணைப்பையும் ஏர்த்தையும் ஆராயவேண்டும். தாழ் ஒளியில் ஓடும்போது, உயர் ஒளிக்குரிய சிறு அடையாள விளக்கு மங்கலாக எரிகின்றதா? அப்படியாயின் ஏர்த் கெட்டிருத்தல் கூடும். நேர்வழி அடைபட்ட மின்னோட்டம் மற்ற இழையின் வழியாக வெளியேற முயல்கின்றது.

வோல்ற்றுமானி ஒன்று இருப்பின் ஐயமே இராது. நண்பரின் பழைய மின்குமிழ்களை மீண்டும் இட்டு, விளக்குகளை எரியவிட்டு அளந்தோம். பற்றரியில் 12 வோல்ற்று. இடப்பக்க விளக்கிலே 10.2 வோல்ற்று. அவ்விளக்கின் ஏர்த் முனைக்கும் பற்றரியின் ஏர்த் முனைக்கும் இடையே மட்டும் 1.1 வோல்ற்று இழப்பு! அவ்விரு முனைகளையும் தடித்த கம்பியொன்றினால் இணைத்ததும் விளக்கு பளிச்சென்று ஒளிர்ந்தது. இதனைச் செய்வோர் ஒன்றை நன்கு கவனிக்கவேண்டும். பழைய மைனர்களில் ஏர்த்துடன் இணைந்திருப்பது பற்றரியின் நேர்முனை. முனை மாறிக் கம்பியை இணைத்தால் தீப்பொறி பறக்கும்.

விளக்குக் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தோம். முன்சில்லு வீசும் சேறும் மழைநீரும் அதன் பின்புறத்தில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்தன. கறுப்புக் கம்பி பிணைந்த இடம் முழுவதும் துரு. பற்றரிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, திருகாணியைப் புதிதாக இட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். முகப்பின் பின்னாலிருந்த கம்பி இணைப்புகளையும் அவ்வாறே துப்புரவு செய்தோம். கருகிய ஆளிக்குப் பதிலாகப் புதியதொன்றைப் பொருத்தினோம். இனி அவ்வாளி பெருமின்னைச் சுமக்காதிருக்க, உருகியுடன் கூடிய ‘றிலே’ ஒன்றையும் சேர்த்தோம்.

அன்றிரவு நண்பரின் வண்டியில் ஏறிச் சென்றோம். அதே 42 உவாற்று மின்குமிழ்கள்தாம். வீதியோரத்து வேலிகளும், தூரத்தே சென்ற சைக்கிளும் தெளிவாகத் தெரிந்தன. “இவ்வளவு வெளிச்சமும் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது?” என்று நண்பரின் மூத்த மகள் கேட்டாள். துருவுக்குள் இருந்தது என்றோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் பழைய வண்டி இருப்பின், அடுத்த மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு பாடம் கற்பர். இருளில் வீதியில் செல்லும் முகமறியாத ஒருவர் பத்திரமாக வீடு சேர்வார்.