ஒரு ரெயில் தண்ணீரும் ஒரு மாடும்

2019-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி வில்லிவாக்கத்துக்கு ஒரு விசேஷ ரெயில் வந்தது. ஆள் ஏறி வந்த ரெயில் அல்ல. தண்ணீர் ஏற்றி வந்த ரெயில்!

ஜோலார்பேட்டையில் புறப்பட்ட அந்த ரெயில் 200 கிலோ மீட்டருக்கு மேல் ஓடியது. ஆவடியைக் கடந்து, அம்பத்தூரைக் கடந்து வந்தது. மொத்தம் 50 வாகன்கள். ஒவ்வொன்றிலும் 50 ஆயிரம் லிட்டர். ஆக, 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர்.

அந்தக் கோடையில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி அது. சென்னைப் பட்டணம் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியது.

அந்த ரெயில் தண்ணீர் முழுவதையும் கொட்டினால், எத்தனை கிலோ மாட்டிறைச்சி உண்டாகும்? உலகக் கணக்குப்படி 162 கிலோதான். கிட்டத்தட்ட ஒரு பெரிய மாட்டின் இறைச்சி!

நம்ப முடிகிறதா? கணக்கு பொய் அல்ல. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

மாடு குடிப்பது கொஞ்சம்

நெதர்லாந்து நாட்டில் ஹூக்ஸ்ட்ரா என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஒரு பொருளை உண்டாக்க மொத்தம் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கணக்குப் பார்த்தவர். இதற்கு நீர்த்தடம் என்று பெயர். அவரும் மெகோனன் என்பவரும் 2012-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது: ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,415 லிட்டர். கோழி இறைச்சிக்கு 4,325 லிட்டர். பாலுக்கு 1,020 லிட்டர்.

மாடு இவ்வளவையும் குடித்து விடுகிறதா? இல்லை, இல்லை.

மேல்நாட்டுப் பண்ணையில் 3 ஆண்டு வளர்த்து, 200 கிலோ இறைச்சி தரும் மாட்டை எடுத்துக்கொள்வோம். அது தன் ஆயுளில் குடிப்பது 24 ஆயிரம் லிட்டர். கழுவவும் கொட்டகையைச் சுத்தம் செய்யவும் 7 ஆயிரம் லிட்டர். அதன் தீனி விளையச் செலவாகும் தண்ணீரோ 30 லட்சம் லிட்டருக்கு மேல்! தொட்டியில் குடித்த தண்ணீர் சொற்பம். தீனியில் தின்ற தண்ணீர்தான் ஏராளம்.

மழையா, கிணறா?

இன்னொரு விஷயம். 15,415 லிட்டரில் 14,414 லிட்டர், புல்லின் மீதும் பயிரின் மீதும் வானம் பெய்த மழை. ஆறு, ஏரி, கிணற்றிலிருந்து எடுத்தது 550 லிட்டர். மீதி 451 லிட்டர், அழுக்கைக் கரைக்கத் தேவைப்படும் தண்ணீர்.

ரெயிலில் வந்தது எந்தத் தண்ணீர்? ஆற்றுத் தண்ணீர். அந்த 550 லிட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், அதே ரெயிலுக்கு 4,500 கிலோ இறைச்சி வருகிறது. ஒரே ரெயில், இரண்டு விடைகள்!

இதனால் ஒரு வேடிக்கை உண்டு. மேய்ச்சலில் வளரும் மாட்டுக்கு, அந்தக் கணக்குப்படி கிலோவுக்கு ஏறத்தாழ 21,800 லிட்டர். கொட்டகையில் அடைத்துத் தானியம் போட்டு வளர்க்கும் மாட்டுக்கு 10,200 லிட்டர்தான். அப்படியானால் கொட்டகை மாடு சிக்கன மாடா? அவசரப்படக்கூடாது. மேயும் மாடு தின்பது பெரும்பாலும் மழைப் புல். மாடு மேயாவிட்டால் அந்த மழை நம் குழாய்க்கு வந்துவிடாது. அமெரிக்காவில் டெக்சாஸ், கான்சாஸ் பக்கம் மாட்டுத் தீவனத்துக்கு நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, பல இடங்களில் நீர்மட்டம் பாதாளத்துக்குப் போய்விட்டது. லிட்டர் எத்தனை என்பதைவிட, எங்கிருந்து எடுத்த லிட்டர் என்பதே பெரிய கேள்வி.

நம் ஊர் மாடு

தமிழ்நாட்டில் இறைச்சிக்கென்றே மாடு வளர்ப்பவர்கள் அபூர்வம். பசு, எருமை என்றால் பாலுக்கு. எருது என்றால் ஏருக்கும் வண்டிக்கும். 1958-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைத்தான் சான்று பெற்று வெட்டலாம். காயத்தாலோ ஊனத்தாலோ நிரந்தரமாக உதவாமல் போன மாட்டுக்கும் இந்த அனுமதி உண்டு.

ஆகவே, தொட்டிக்கு வரும் மாடு பல வருஷம் உழைத்த மாடு. அது தின்ற தீனியின் தண்ணீரை எந்தக் கணக்கில் எழுதுவது? கறந்த பாலிலா, உழுத வயலிலா, கடைசியில் கிடைத்த இறைச்சியிலா? மேல்நாட்டு எண்ணை அப்படியே தூக்கி வந்து நம் ஊர் மாட்டின் கழுத்தில் கட்டுவது நியாயம் அல்ல.

தீனியும் வேறு. நெல் அறுத்த பின் மிஞ்சும் வைக்கோல். அரைத்த பின் மிஞ்சும் தவிடு. செக்கில் மிஞ்சும் புண்ணாக்கு. வீட்டில் அரிசி களைந்த கழுநீர். வைக்கோலுக்குத் தனியாகத் தண்ணீர்க் கணக்குக் கிடையாது. நெல்லுக்குப் பாய்ச்சியதிலேயே அது அடங்கிவிடுகிறது.

வைக்கோல் எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்த ஏற்பாடுதான் குலைந்துவிட்டது. ஏரிப் பாசன வயல்கள் தொழிற்பேட்டை ஆயின. பிறகு வீட்டு மனை ஆயின. மேய்க்கால் நிலம் சுருங்கியது. மாடு இன்னும் இருக்கிறது; தெருவில் நிற்கிறது. வைக்கோல் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. பசுந்தீவனம் வேண்டும் என்றால் கோ-4 போன்ற ஒட்டுப்புல் பயிரிட வேண்டும். நன்றாக வளரும் புல்தான். ஆனால் மழையை மட்டும் நம்பி வளராது. தண்ணீர் பாய்ச்சவேண்டும். அதற்கு ஆழ்குழாய்க் கிணறு வேண்டும். மழைக் கணக்கில் இருந்த மாடு, இப்படித்தான் கிணற்றுக் கணக்குக்கு மாறுகிறது.

பட்டணத்தின் தாகமும் இதில் சேர்ந்துகொண்டது. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கம் விவசாயிகளின் கிணறுகளிலிருந்து குடிநீர் வாரியம் தண்ணீர் விலைக்கு வாங்கியது. 2019-ம் ஆண்டு பஞ்சத்திலும் வாங்கியது. விவசாயிக்குக் கையில் காசு கிடைத்தது. அவரைக் குறை சொல்லமுடியாது. ஆனால் கிணற்றுத் தண்ணீரை விற்ற வயலில் அந்தப் போகம் நெல் இல்லை. நெல் இல்லாத களத்தில் வைக்கோல் போரும் இல்லை. அக்கம்பக்கத்து மாட்டுக்காரர் தூர ஊர் வைக்கோலுக்கு லாரி வாடகை கொடுக்கவேண்டியதாயிற்று.

அந்த லாரியிலும் தண்ணீர்தான் வந்தது. எங்கோ ஒரு வயலில், நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர். ரெயிலில் வந்ததை லிட்டர் லிட்டராக எண்ணினார்கள். லாரியில் வந்ததை யாரும் எண்ணவில்லை.