யாருடைய இறகு?

பொதுப் பணத்தைக் கையாளும் ஒருவர் அதைக் கொண்டு தம் வசதியைப் பெருக்கிக்கொண்டால், ‘தம் கூட்டுக்கு இறகு சேர்த்துக்கொண்டார்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். பதினாறாம் நூற்றாண்டு முதலே வழங்கிவரும் தொடர் இது. கூட்டுக்குள் மெல்லிய இறகுகளைப் பரப்பிப் பறவை தன் முட்டைக்கும் குஞ்சுக்கும் கதகதப்பு தேடுகிறது. அழகான காட்சிதான். ஆனால், திருட்டுக்கு இவ்வளவு அழகான பெயர் எதற்கு என்பதே என் கேள்வி.

நம் தமிழும் இதில் சளைத்ததல்ல. ‘தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். ஒரு துளிதானே என்ற சமாதானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்தத் துளி எங்கே போய் முடியும் என்பதை, ஜாம்ஷெட்பூரில் வாழும் நமக்குப் பக்கத்து ஊரான சாய்பாசா காட்டிவிட்டது.

1996 ஜனவரியில், அன்று பீகாரில் இருந்த சாய்பாசாவின் துணை ஆணையர் அமித் கரே, கால்நடைத் துறை அலுவலகத்தைச் சோதனையிட்டார். வாங்காத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலி பில் போட்டுக் கருவூலப் பணத்தை எடுத்தது வெளிவந்தது. மாடுகளை ஏற்றி வந்ததாகக் காட்டிய வண்டி எண்களில் சில, ஸ்கூட்டர் எண்கள்! பல கருவூலங்களிலும் சேர்த்துப் போன தொகை சுமார் 950 கோடி ரூபாய் என்றார்கள். 2013-இல் முன்னாள் முதலமைச்சர்கள் இருவர் உட்படப் பலர் தண்டனை பெற்றனர். இடையில் ஓடியவை 17 ஆண்டுகள்.

இது ஒரே நாளில், ஒரே கையால் நடந்ததல்ல. எடுத்தவர் சிலர், கையெழுத்திட்டவர் சிலர், ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்தவர் பலர். மாடும் தீவனமும் போய்ச் சேரவேண்டிய ஏழைக் குடியானவரின் சிறகிலிருந்து பிடுங்கிய இறகு அது.

அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. நம் சங்கங்களில் என்ன செய்கிறோம்? ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும்போதே, ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்று சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிடுகிறோம். கேள்வி கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு.

கேட்பது அவமதிப்பு ஆகாது. சம்பளமில்லாமல் உழைக்கும் நேர்மையான பொருளாளருக்கு அதுவே கவசம். பொங்கல் விழா வசூல் ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும், செயற்குழுவில் இல்லாத இரு உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பந்தி அரைமணி நேரம் தாமதமாகலாம்; பாதகமில்லை.