ஊர் தவறாமல் எண்ணுவோம்: பள்ளிப்பட்டு கொள்கைப் பிரகடனம்

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களின் விசைத்தறித் தொழிலாளர்கள், தறி முதலாளிகள், கரும்பு விவசாயிகள், கிராமச் செவிலியர், ஆசிரியர்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகிய நாங்கள் ஒன்றுகூடி இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

எங்கள் அடிப்படைக் கோரிக்கை ஒன்றுதான். எங்களில் ஒருவர் புற்றுநோயால் இறந்தால், அவர் எங்கே இறந்திருந்தாலும், அவர் வாழ்ந்த ஊரின் கணக்கில், சரியான காரணத்தோடு அந்தச் சாவு எழுதப்பட வேண்டும். அந்தக் கணக்கு கிராம சபையில், அது இல்லாத பேரூராட்சிகளில் ஊர்க் கூட்டத்தில், படிக்கப்பட வேண்டும். சிகிச்சை, பரிசோதனை, ஆலைக் கட்டுப்பாடு என்று நாங்கள் கேட்கப்போகும் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

1. ஏன் கூடினோம்

ஆந்திர எல்லையோர ஊர்கள் எங்களுடையவை. நோய் முற்றினால் ஒரு வீட்டார் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறார்கள், இன்னொரு வீட்டார் காஞ்சிபுரம் காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனைக்கு, வேறு சிலர் வேலூருக்கோ திருப்பதிக்கோ. மரணம் எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவு என்பது சட்டம். ஆகவே திருப்பதியில் இறந்த தறிக்காரர் ஆந்திரக் கணக்கில் சேருகிறார். அடையாறில் இறந்த அம்மா சென்னை மாநகராட்சிக் கணக்கில் சேருகிறார். “இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவைக்கப்பட்டவர் மட்டும் ஊரில் இறக்கிறார். அவர் பெயருக்கு எதிரே “மூச்சுத் திணறல்” என்றோ “வயது முதிர்வு” என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். வெளியூரில் செத்தாலும் சொந்த ஊரில் செத்தாலும் பள்ளிப்பட்டின் புத்தகத்தில் புற்றுநோய் இல்லை.

மரண அறிக்கைக்கான படிவம் 2-ஐ எடுத்துப் பாருங்கள். இறந்தவர் புகைபிடித்தாரா, எத்தனை ஆண்டுகளாக? புகையிலை மென்றாரா, எத்தனை ஆண்டுகளாக? பாக்கு அல்லது பான் மசாலா? மது? நான்கு கேள்விகளும் அச்சிலேயே இருக்கின்றன. சாவு வீட்டின் பரபரப்பில் யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. கட்டத்தில் ஒரு கோடு விழுகிறது. முப்பது ஆண்டு மாவாப் புகையிலை மென்றவரின் வாழ்க்கை அந்தக் கோட்டோடு முடிந்துபோகிறது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கேடு இல்லை. 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணச் சான்று கொடுத்தவை 22.5 விழுக்காடுதான்.

திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டுக் கடலோரத்தில் தொடங்கி கும்மிடிப்பூண்டி உலைகள், ஆவடி குடியிருப்புகள் வழியாக எங்கள் மலையடிவாரம் வரை நீள்கிறது. மீனவர், உருக்காலைத் தொழிலாளி, அலுவலகப் பணியாளர், நெசவாளர் எல்லாரையும் கலந்து ஒரு மாவட்ட விகிதம் சொன்னால், அது இவர்களில் யாருடைய விகிதமும் ஆகாது.

2. நாங்கள் அறிந்தவை

சாவு விகிதம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியச் சாவுகளை ஆராய்ந்த ‘பத்து லட்சம் மரணங்கள்’ ஆய்வின் புற்றுநோய் முடிவு 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வடகிழக்கு மாநிலங்களில் 30 வயது ஆண் ஒருவர் 70 வயதுக்குள் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 11.2 விழுக்காடு. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசாவில் அது 3-க்கும் கீழே. ஒரே நாடு, ஒரே நோய், கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம்.

அதே ஆய்வு எங்களைப் போன்ற ஊர்களுக்கு இன்னொன்றையும் சொன்னது. 30 முதல் 69 வயதுக்குள், லட்சம் ஆண்களில் புற்றுநோயால் கிராமத்தில் இறந்தவர்கள் 95.6, நகரத்தில் 102.4. பெண்களில் கிராமத்தில் 96.6, நகரத்தில் 91.2. அதாவது சாவில் கிராமமும் நகரமும் ஏறக்குறைய சமம். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயின் கணக்கைப் பாருங்கள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் 2012–16 அறிக்கையில் சென்னை ஆண்களின் விகிதம் லட்சத்துக்கு 100-ஐத் தாண்டுகிறது. மகாராஷ்டிரத்தின் கிராமப்புற பீட், உஸ்மானாபாத் மாவட்டங்களில் அது 39.5. கண்டுபிடிப்பது குறைவு, சாவது மட்டும் சமம் என்றால் நடுவில் இருப்பவை தாமதமும் கணக்கில் வராத நோயும்தான்.

காலத்தாலும் விகிதம் மாறும். அமெரிக்காவில் 1991-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளில் புற்றுநோய்ச் சாவு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்ததும், முன்கூட்டியே கண்டறிந்ததும், சிகிச்சை மேம்பட்டதும் காரணங்கள். ஆனாலும் அங்கே 2014-இல் விகிதம் மிகக் குறைந்த கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) லட்சத்துக்கு 70.7, மிக அதிகமான கவுண்டியில் 503.1. நாட்டின் சராசரி இறங்கியபோதும் சில வட்டாரங்களில் விகிதம் ஏறியது. கவுண்டிவாரியாக எண்ணியதால்தான் அது தெரிந்தது.

சென்னையிலும் மாற்றம் பதிவாகியிருக்கிறது. 1952-இல் அடிக்கல் நாட்டி, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1982 முதல் சென்னையின் பதிவேட்டை நடத்திவருகிறது. அன்று பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய் இறங்கியது. மார்பகப் புற்றுநோய் ஏறி அந்த இடத்தைப் பிடித்தது. 2012 முதல் மாநிலம் தழுவிய பதிவேட்டுத் திட்டமும் இருக்கிறது. அடித்தளம் உண்டு. அதை எங்கள் தெரு வரை இறக்க வேண்டும் என்கிறோம்.

3. முடியும் என்பதற்குச் சான்றுகள்

“படிக்காத சனங்களிடம் சாவுக் காரணம் கேட்டு என்ன தெரியும்?” என்பவர்களுக்குத் தமிழ்நாடே பதில் சொல்லியிருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் கஜலட்சுமி குழுவினர் சென்னையில் 48,000, விழுப்புரம் கிராமங்களில் 32,000 பெரியவர்களின் சாவுகளை வீட்டுக்கு வீடு போய் விசாரித்தார்கள். விசாரித்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற பட்டதாரிகள். கட்டி எங்கே இருந்தது, எத்தனை மாதம் சாப்பாடு இறங்கவில்லை, இரத்தம் எந்த வழியாகப் போனது என்று வீட்டார் சொன்னதை எழுதிவந்தார்கள். மருத்துவர்கள் அதைப் படித்துக் காரணம் குறித்தார்கள். ‘காரணம் தெரியவில்லை’ என்று கிடந்த பல சாவுகளுக்குப் பெயர் கிடைத்தது.

சீனாவில் 1970-களின் நடுவில் நாடு முழுவதும் கவுண்டிவாரியாகச் சாவுக் காரணங்களைத் திரட்டி, 1979-இல் புற்றுநோய்ச் சாவு வரைபடமாக வெளியிட்டார்கள். லின்சியன் வட்டாரத்தின் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதில் தனித்துத் தெரிந்தது. பின்னர் உலகின் பெரிய ஆய்வுகளில் ஒன்று அந்த ஊரைத் தேடி வந்தது. பஞ்சாப் அரசு 2012 இறுதியில் வீடு வீடாகக் கேட்டபோது, முந்தைய ஐந்தாண்டுகளில் 33,000-க்கும் மேற்பட்ட புற்றுநோய்ச் சாவுகளை மக்கள் சொன்னார்கள்.

எண்ணியபின் சாவைக் குறைக்கவும் முடியும். திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களில், அம்பிளிக்கை மருத்துவமனையைச் சார்ந்து, 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த வினிகரைக் கருப்பை வாயில் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் தெரிந்தால் தொடர் சிகிச்சை. 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் செய்த இந்த எளிய சோதனை அந்த நோயின் சாவை 35 விழுக்காடு குறைத்தது. திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் அடித்து வாயைப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. இரண்டுக்கும் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

4. கொள்கைகள்

முதலாவது: சாவு, இறந்தவர் வாழ்ந்த ஊருக்குச் சொந்தம். பதிவு எங்கே நடந்தாலும் அதன் நகல் நிரந்தர முகவரியின் ஊருக்கு வர வேண்டும். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் பத்து ஆண்டு உழைத்துவிட்டு, நோயோடு ஊர் திரும்பி இறக்கும் ஒடிசாத் தொழிலாளியின் சாவு, அவர் வேலை பார்த்த இடத்தின் கணக்கிலும் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஒடிசாவின் கணக்கு ஒன்று சொல்லும், எங்கள் கணக்கு ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது: எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு. எண்ணூறு பேர் வாழும் காலனியில் ஒரே ஆண்டில் மூன்று சாவு விழுந்ததாலேயே அதைப் ‘புற்றுநோய்க் கிராமம்’ என்று முத்திரை குத்த மாட்டோம். முதியவர் அதிகமுள்ள ஊரில் சாவு கூடுதலாகத்தான் இருக்கும். வயதுக் கணக்கைச் சரிசெய்து, பல ஆண்டுகளைச் சேர்த்துத்தான் ஒப்பிடுவோம்.

மூன்றாவது: எண்ணாமல் எந்த ஆலையையும் குற்றவாளி என்று சொல்ல மாட்டோம், எண்ணவில்லை என்பதையே நற்சான்றாகக் காட்ட எந்த ஆலையையும் விட மாட்டோம். வெளிக்காற்று மாசும், இரும்பு உருக்கு வார்ப்பு வேலையும், கல்நாரும், பென்சீனும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சாய ஆலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை ஜெர்மனியில் 1895-லேயே கண்டார்கள். அந்நோயோடு தொடர்புடைய பென்சிடின் சாயங்களை இந்தியா 1990-களில் தடை செய்தது. ஆபத்து உண்டு என்பது உறுதி. எங்கள் ஊரில் அது எவ்வளவு என்பதைக் கணக்கு சொல்லட்டும்.

நான்காவது: தூரத்துப் புகைபோக்கியைக் காட்டிவிட்டு வீட்டுத் திண்ணையை மறைக்க மாட்டோம். இரவு ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்கவும், நூலுக்கு நடுவே பீடி பற்றவைக்க முடியாது என்பதாலும் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது எங்கள் தறி ஷெட்டுகளின் வழக்கம். குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை. பெட்டிக்கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. வாயில் வெள்ளைத் தழும்பு வந்தால் மெடிக்கலில் வைட்டமின் மாத்திரை வாங்குகிறோம். காரம் எரிந்தால் சூடு என்கிறோம். மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் இறுகிய பிறகுதான் பஸ் ஏறுகிறோம்.

ஐந்தாவது: நோயை மறைப்பதால் குடும்ப மானம் காக்கப்படுவதில்லை. “பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்று மார்புக் கட்டியைப் புடவைக்குள் மறைத்துத் திரியும் தாய்மார்கள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. இது தொற்றுநோயல்ல. அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், சம்பந்தமும் பேசலாம். எங்கள் கணக்கில் ஊர் இருக்கும், வயது இருக்கும், நோய் இருக்கும். ஆள் பெயர் வெளியே வராது.

ஆறாவது: காப்பாற்ற முடியாதவரும் வலியோடு சாகக் கூடாது. கேரளத்தில் ஊர்க்காரர்களே வீடு தேடிப் போய் வலித்தணிப்புச் சேவை நடத்துகிறார்கள்; அதற்கு வித்திட்ட அமைப்பு கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கியது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

5. அரசிடமும் ஆலைகளிடமும் கேட்பவை

அ) மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடு தன் கணக்கை வட்டவாரியாக, ஒன்றியவாரியாக ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும்.

ஆ) 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனைகள் மரணக் காரணச் சான்றைப் பதிவாளருக்குக் கட்டணமின்றி அனுப்பி, ஒரு நகலை நெருங்கிய உறவினரிடம் தர வேண்டும். ஒரு மருத்துவமனையும் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வீட்டுச் சாவுகளுக்குப் பயிற்சி பெற்றவர் மூலம் வாய்மொழி விசாரணை நடக்க வேண்டும்.

இ) ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் 2023-இல் தொடங்கிய சமூகப் புற்றுநோய்ப் பரிசோதனை, ராணிப்பேட்டையை ஒட்டிய எங்கள் பகுதியில் கடைசிக் குக்கிராமம் வரை வர வேண்டும். சந்தேகத்தில் எடுத்த சதைத் துணுக்குப் பரிசோதனையின் முடிவு இரண்டு வாரத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும்.

ஈ) காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை வாசலில் காலை எட்டு மணிக்குள் இறங்கும்படி பள்ளிப்பட்டிலிருந்து பேருந்து வேண்டும். கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு ஒரு நாளில் திரும்ப முடிவதே பாதி சிகிச்சை.

உ) ஒவ்வொரு ஆலையும் ஒப்பந்தத் தொழிலாளி உட்பட அனைவரின் பெயர், ஊர், வேலை, கையாண்ட ரசாயனம் அடங்கிய பதிவேட்டை அவர் வேலையை விட்ட பிறகும் 40 ஆண்டுகள் காக்க வேண்டும். புற்றுநோய் உடனே வராது. பதிவேடு மட்டும் ஏன் உடனே அழிய வேண்டும்? ரசாயனங்களின் பெயரும் ஆபத்தும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி மாட்டப்பட வேண்டும்.

6. நாங்கள் செய்ய உறுதி ஏற்பவை

எங்கள் இயக்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஐம்பது வீடுகளுக்குப் பொறுப்பேற்பார். சாவு நடந்த வீட்டுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே போவார், பொறுமையாகக் கேட்பார், சிகிச்சைச் சீட்டுகளைப் பார்த்து எழுதுவார். படிவம் 2-இன் நான்கு கேள்விகளும் கோடு விழாமல் நிரப்பப்படுவதைப் பார்த்துக்கொள்வார். முப்பது வயது தாண்டிய பெண்களைச் செவிலியரிடம் அழைத்துப் போவது பெண் உறுப்பினர்களின் பொறுப்பு. தறி முதலாளிகளான உறுப்பினர்கள் தங்கள் ஷெட்டில் புகையிலையை விடமாட்டார்கள். பரிசோதனை நாளுக்குக் கூலி பிடிக்க மாட்டார்கள். கட்சிக் கொடியும் சாதிச் சங்கப் பெயரும் இந்த வேலைக்குள் வராது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 கிராம சபையில், பேரூராட்சிகளில் ஊர்க் கூட்டத்தில், மூன்று எண்களைப் படிப்போம். காரணம் எழுதப்படாத சாவுகள் நூற்றுக்கு எத்தனை? முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை? முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து பரிசோதனை முடிவு வரும் வரை எத்தனை நாள்?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எங்கள் ஊர்களின் புற்றுநோய்ச் சாவு எண்ணிக்கை கூடும். அதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். இதுவரை “மூச்சுத் திணறல்” என்று எழுதப்பட்டவை தம் சொந்தப் பெயருக்கு வரும், அவ்வளவுதான். அதிகாரிகள் அந்த ஏற்றத்தைக் காட்டி எங்களை வதந்தி பரப்புகிறவர்கள் என்று சொன்னால், புத்தகத்தைத் திறந்து காட்டுவோம். ஆனால் ஐந்தாண்டு கழித்தும் இந்த மூன்று எண்களும் இறங்கவில்லை என்றால், நாங்கள் நடத்திய ஊர்வலங்களும் ஒட்டிய சுவரொட்டிகளும் வீண். அன்று இதே சபை எங்களைக் கேள்வி கேட்கலாம், பொறுப்பிலிருந்து இறக்கலாம். அந்த உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.