ஏழைகளின் தோணியில் ஏறும்போது



பாடசாலை விடுமுறை நெருங்கினால் பதுளையிலும் ஹாலிஎலயிலும் வெலிமடையிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ஹஸ்ரத், பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக ஆசை. கையில் பெரிய காசு இல்லை. எங்கே போகலாம்?" என்பார்கள். மலையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு மலையைக் காட்டுவதில் என்ன இருக்கிறது? வடக்கே போங்கள், யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகேறிப் போங்கள் என்பதே என் பதில்.

கடலும் மலையகமும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஊவாத் தோட்டங்களின் லயங்களில் வாழும் மக்களின் முன்னோர் கடலைத் தாண்டி வந்தவர்கள். 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடியது. அதன் மேல்தட்டில் மூட்டை முடிச்சோடு அமர்ந்து வந்த பாட்டன் பாட்டிமார் எத்தனையோ பேர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர்ச் சூழலில் நின்றது. அந்தத் தலைமுறைக்குப் படகுப் பயணம் பிழைப்பாக இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் ஒரு தோணியில்கூடக் கால் வைத்ததில்லை.

யாழ்ப்பாணத்தைச் சுற்றியுள்ள தீவுகளில் காரைநகர், மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குக் கடலுக்குள் போட்ட வீதியாலேயே போகலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் படகுதான் வழி. புங்குடுதீவின் கோடியில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து போகலாம். இவை உல்லாசப் பயணிகளுக்காக ஓடும் படகுகள் அல்ல. ஆசிரியர், மீனவர், நோயாளி, அரிசி மூட்டை என்று தீவின் அன்றாட வாழ்வு முழுவதும் இவற்றில்தான் போய் வருகிறது. அந்த மக்கள் கொடுக்கும் கட்டணத்தையே நாமும் கொடுத்துப் போகலாம். செலவு குறைவதன் இரகசியம் இதுதான்.

பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் காற்றைப் பாருங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சோளகக் காற்று கடலைக் குமுற வைக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடையும் மழையும். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிள்ளைகளோடு போக அதுவே நல்ல காலம். அடுத்தது பாதை. கண்டிக்குப் போய் அங்கிருந்து தம்புள்ளை, வவுனியா வழியாக பஸ்ஸில் யாழ்ப்பாணம் சேரலாம். ரயிலை விரும்புவோர் புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டதை நாம் அறிவோம். இரவில் பயணம் செய்தால் ஓர் இரவின் விடுதிச் செலவு மிஞ்சும். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டால் முதல் நாள் சாப்பாட்டுச் செலவும் குறையும். தங்குவது யாழ் நகரில் இருக்கட்டும். சோனகத் தெருப் பக்கம் பள்ளிவாசல்கள் உள்ளன, தொழுகைக்கும் வசதி.

முதல் நாள் நயினாதீவு. குறிகட்டுவானிலிருந்து கால் மணி நேரக் கடல்தான். கடலுக்குப் பயந்த பிள்ளைக்கு இதுவே நல்ல தொடக்கம். நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே சிறு தீவில் இருப்பதால் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வருவார்கள். திருவிழாக் காலத்தில் நெரிசல் மிக அதிகம். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் நாளை முழுமையாக நெடுந்தீவுக்கு ஒதுக்குங்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கடல். காலைப் படகு எப்போது, திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று முதல் நாளே இறங்குதுறையில் கேட்டு வையுங்கள், நேரங்கள் மாறும். ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஒன்றின் பெயரால் டெல்ஃப்ற் என்று அழைத்த இந்தத் தீவில் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், இடிந்த கோட்டையும், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை வெட்டவெளியில் மேய்வதும் பிள்ளைகளின் கண்ணை விட்டு நீங்காது. அங்குள்ள பெருக்க மரத்தைக் காட்டுங்கள். ஆபிரிக்காவுக்குரிய அந்த மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பர்.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் காரைநகர் போய், மிதவைப் பாதை ஓடும் நாளாக இருந்தால் அதில் ஊர்காவற்றுறைக்குக் கடந்து, வேலணை வழியாகத் திரும்பலாம். போகும் வழியில் கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டை தெரியும்.

குறைந்த செலவில் படகேறியவர்களைப் பற்றிப் பேசும்போது, ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் மூஸா (அலை), ஹிழ்ர் (அலை) ஆகியோரின் பயணம் நினைவுக்கு வருகிறது. கடற்கரையில் நடந்துகொண்டிருந்த அவ்விருவரையும் தோணிக்காரர்கள் ஹிழ்ரை அடையாளம் கண்டு கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். அந்தத் தோணி கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளுடையது என்று குர்ஆன் சொல்கிறது. ஹிழ்ர் அதில் ஒரு பழுதை உண்டாக்கினார்கள். நல்ல தோணிகளைப் பறித்துக்கொண்டிருந்த அரசன் ஒருவனிடமிருந்து அதைக் காப்பாற்றவே அப்படிச் செய்தார்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. இதை நாம் பொறுமைக்குப் பாடமாகவே சொல்லி வருகிறோம். பயணிக்கும் இதில் பாடம் உண்டு. காசு கொடுக்காமல் ஏறியவரின் கவலை, ஏற்றியவரின் பிழைப்பைப் பற்றியதாக இருந்தது.

நமது சிக்கனத்தையும் இந்த அளவுகோலால் அளக்க வேண்டும். நாம் மிச்சம் பிடிக்கும் காசு யாருடைய பங்கிலிருந்து வருகிறது?

முதலாவது, இடம். நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டால் நமக்கு ஒரு சுற்றுலா நாள் போகும். தீவின் கர்ப்பிணிக்கு யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகும் நாளே போய்விடும். ஆகவே இருபது பேராகப் போய் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். தீவு மக்கள் ஏறட்டும். முதியவருக்கு எழுந்து இடம் கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இரண்டாவது, உயிர். படகு நிறைந்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருங்கள். தனியார் படகை அமர்த்தினால், "இன்னும் ஐந்து பேரை ஏற்று, காசைக் குறை" என்று பேரம் பேசாதீர்கள். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி, பிள்ளைக்குப் போட்டுவிட்டே உட்காருங்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கோ காத்திருக்கும் வழி இருக்கிறது.

மூன்றாவது, தண்ணீர். நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. குடிக்கும் நீரைக் கொண்டுபோங்கள். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நபி (ஸல்) அவர்கள் இரு கைகளிலும் சேர்த்து அள்ளும் அளவு நீரில் வுழூச் செய்துள்ளார்கள். அந்த ஸுன்னத்தைப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

இந்தக் கடலுக்கு ஒரு துயரமும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், பெண்கள் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் கடற்படையினரே என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள். தன் சமூகத்தின் காயத்தை மட்டும் அறிந்த பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் காயம் தெரியாது. அந்தப் படகில் நமக்குப் பக்கத்தில் அமர்பவர் அன்று ஒருவரைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். சிரித்துப் படமெடுக்குமுன் அதை நினையுங்கள்.

தொழுகை பற்றிச் சிலர் கேட்பதுண்டு. பதுளையிலிருந்து யாழ்ப்பாணம் கஸ்ருக்குரிய தூரத்தைவிட மிக அதிகம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் விட்டு, முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இல்லையென்றால் ளுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டிரண்டாகச் சுருக்கலாம். ஊர் இமாமின் பின்னால் தொழுதால் நான்காக நிறைவு செய்ய வேண்டும். நெடுந்தீவு நாளில், படகுக்கு வருமுன் ளுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டால் திரும்பும் பயணத்தில் பதற்றம் இராது. படகிலேயே தொழ நேர்ந்தால், நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும். தலைசுற்றலோ விழும் பயமோ உள்ளவர் உட்கார்ந்து தொழலாம்.

ஒரு வார்த்தை மட்டும் மீதி. படகிலிருந்து இறங்கும்போது, கயிறு பிடித்து நிற்கும் மனிதருக்குப் பிள்ளைகள் ஒரு நன்றி சொல்லட்டும். நமக்கு அது மூன்று நாள் பயணம். அவருக்கு அது ஆயுள் முழுவதும் செய்யும் தொழில்.