மறந்தால் ஆறிவிடுமா?

கொடைக்கானலுக்குக் கீழே, பாம்பாறு சோலையை ஒட்டிய வட்டக்கானலுக்கு, கட்டாயப் படைப்பணி முடித்த இஸ்ரேலிய இளைஞர் முதல் சென்னை அலுவலகப் பணியாளர் வரை பலரும் வருகின்றனர். நடந்ததை மறந்து சில நாள் மேகத்துக்குள் இருந்தால் மனம் தானே தேறிவிடும் என்பது அவர்களுள் பலரின் நம்பிக்கை. வேலைக் களைப்புக்கு அதனால் கேடில்லை. ஆயினும் பெற்றோரை இழந்த, பேரழிவைக் கண்ணால் கண்ட குழந்தைக்கும் அதையே பொருத்தி, ‘சின்னப் பிள்ளைதானே, போகப் போக மறந்துவிடும், எதையும் ஞாபகப்படுத்தாதீர்கள்’ என்று வீடுதோறும் சொல்லப்படுவது கண்டிக்கத்தக்க கொடுமை.

1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணில் புதைக்கப்பட்ட மூடுவண்டிக்குள் அடைக்கப்பட்ட 26 பிள்ளைகளும் உடலில் பெருங்காயமின்றி உயிரோடு மீண்டனர். மனநல மருத்துவர் லெனோர் டெர் நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதோ, மனவடு, அதாவது தாங்கவியலாத அதிர்ச்சி உள்ளத்தில் விட்டுச்செல்லும் நீடித்த காயம், இல்லாத பிள்ளை ஒன்றுகூட அவர் ஆராய்ந்தோருள் இல்லை. வாயால் சொல்ல முடியாததைச் சில குழந்தைகள் மகிழ்ச்சியின்றி, முடிவை மாற்றாமல், திரும்பத் திரும்ப விளையாடிக் காட்டுவதை அவர் பதிவுசெய்தார். அதை அறிந்தவர், ஆழிப்பேரலையைக் கண்ட கடலோரக் குழந்தை மணல்வீடு கட்டிக் கட்டித் தண்ணீர் ஊற்றி அழிப்பதைக் கண்டும் காணாமல் போகமாட்டார்.

26.12.2004 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டுபோனபின், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் உள்ளூர்த் தொண்டர்களைப் பயிற்றுவித்து, பிள்ளைகளைப் பேசவும் வரையவும் விளையாடவும் வைத்ததன் அடிப்படை இந்த அறிவே. ‘அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்ற பொய்யைக் கேட்ட குழந்தை துக்கத்திலிருந்து தப்புவதில்லை. வராத தாய்க்காக வாசலில் காத்திருக்கிறது, பிறகு தன் குறும்பு பொறுக்காமல்தான் அவள் போய்விட்டாள் என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறது. கருமாதியன்று அக்குழந்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடாமல், தாயின் படத்துக்கு முன் விளக்கேற்ற விடுவதே அறம்.

‘இனி இந்தப் பிள்ளையின் வாழ்வு அவ்வளவுதான்’ என்னும் எதிர்த்தீர்ப்பும் பொய்யே. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வறுமையும் குடும்பச் சிதைவும் மிகுந்த சூழலில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நலமுற்ற பெரியவர்களாயினர். மீள்திறன் எனப்படும் இந்த ஆற்றலுக்குத் துணைநின்றவற்றுள் முதன்மையானது, பாட்டியோ ஆசிரியரோ, விலகிப்போகாத ஒரு மனிதரின் நிலையான அன்பு. ஆகவே பிள்ளை ஒட்டிக்கொண்ட பராமரிப்பாளரை ஆண்டுதோறும் மாற்றுகின்ற குழந்தைகள் இல்லம், எத்துணைத் தூய்மையாக நடத்தப்பட்டாலும், முதல் இழப்பையே மறுபடி நிகழ்த்துகிறது.