காது குத்தும் கைக்கும் ஓர் அத்தாட்சி

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய நம் கரையோர ஊர்களிலே, மார்க்க விலக்கினால் பச்சை குத்துதல் அரிதாயினும், பெண்மக்களுக்குக் காது குத்தும் வழக்கம் இன்றளவும் நிலவுகின்றது. உள்ளூராட்சி சபை வழங்கும் வியாபார அனுமதிப்பத்திரமோ கடைக்கு உரியதேயன்றி, ஊசி பிடிக்கும் கையின் சுத்தத்துக்கு அத்தாட்சி ஆகாது. வேல்ஸ் தேசத்திலே 2024 நவம்பர் 29 முதல், பச்சை குத்துவோரும் உடலில் துளையிடுவோரும் தொற்றுத்தடுப்புப் பயிற்சி பெற்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை தம் பத்திரத்தைப் புதுப்பித்தாக வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாட்களேனும் உயிர்த்திருக்க வல்லது என்றறிந்த பின்னரும், காது குத்தும் பத்தரின் கைராசி ஒன்றையே நம்பிக் குழந்தையின் செவியை ஒப்படைப்பது எங்ஙனம் நியாயமாகும்? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினாலன்றி, இத்தொழில் புரிவோரின் பத்திரம் புதுப்பிக்கப்படலாகாது.