திறமை என்னும் பிளஃப்

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளைச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. நிறுவனங்களின் வாதம் பழையதுதான்: போக்கர் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு.

இவ்வாதத்தை நேருக்கு நேர் எதிர்கொள்வோம். போக்கரில் திறமைக்கு இடமுண்டு. மட்டமான சீட்டை வைத்துக்கொண்டே பந்தயத்தை உயர்த்தி, எதிராளியை அஞ்சிப் பின்வாங்கச் செய்வதைப் ‘பிளஃப்’ என்கிறார்கள். அதற்குக் கணிப்பு வேண்டும். அதைவிட, பிடிபட்டாலும் தாங்கிக்கொள்ளும் பணம் வேண்டும்.

சிறிய ஜோடிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டு இரண்டுகளோ இரண்டு மூன்றுகளோ கையில் விழுந்ததும் புதியவருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் மேசையில் முதலில் திறக்கப்படும் மூன்று பொதுச் சீட்டுகளில் அதே எண் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 12 மட்டுமே. எட்டு முறை இழந்து ஒன்பதாம் முறைக்குக் காத்திருக்கும் வசதி பணம் படைத்தவருக்கு உண்டு. மாதச் சம்பளத்தை அலைபேசி வழியே செலுத்திவிட்ட இளம் தொழிலாளிக்கு இல்லை. இழந்ததை மீட்க அவர் கடன் வாங்குகிறார். எதிரே ஆடுவது மனிதரா, கணினி நிரலா என்பதைக்கூட அவர் அறிய முடியாது.

நிறுவனமோ யாரிடமும் சீட்டு ஆடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையிலிருந்தோ, நுழைவுக் கட்டணத்திலிருந்தோ தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆட்டக்காரர்கள் அனைவரும் வெல்லும் தொகை, அவர்கள் போட்ட தொகையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். எவர் இழப்பது என்பதைத் திறமை முடிவு செய்யலாம். எல்லோருமாகச் சேர்ந்து இழக்கிறார்கள் என்பதை எந்தத் திறமையாலும் மாற்ற இயலாது. இந்த உண்மையை மறைக்கும் ‘திறமை’ என்ற சொல்லே மிகப் பெரிய பிளஃப்.

45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு, 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்ததாக ஒன்றிய அரசே மதிப்பிட்டுள்ளது. இத்தனை காலம் அது என்ன செய்தது? 2023 அக்டோபர் முதல், ஆட்டக்காரர் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்து, இழப்பில் தானும் பங்கு பெற்றது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆயினும் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய மசோதாவை, ஒன்றிய அரசு நியமித்த ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மீண்டும் நிறைவேற்றிய பின்னரே அது சட்டமாயிற்று. அதிலும் ரம்மி, போக்கர் மீதான தடையை அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. காரணம், அதே ‘திறமை’ வாதம்.

தாமதமாக வந்தாலும் தடை தேவையானதே. பணம் வைத்து ஆடினால், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடின்றித் தடை என அது கூறுவது சரியானது. ஆடுபவரைத் தண்டிக்காமல், நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிப்பதும் சரியே. ஆனால் இது போதாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களுக்குப் பணம் செல்லும் வழிகளை அடைக்க வேண்டும். அடிமையானவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை வேண்டும். இத்துறையில் வேலையிழந்த ஊழியர்களுக்கு உரிய இழப்பீட்டை, லாபம் ஈட்டிய நிறுவனங்களிடமிருந்து பெற்றுத்தர வேண்டும்.

நிலையான வேலையும் வாழத் தகுந்த ஊதியமும் இல்லாத இளைஞனிடம்தான் ஒரே இரவில் செல்வம் என்ற பொய் விலைபோகிறது. அந்த வறுமையை ஒழிக்கும் போராட்டமும் இந்தச் சூதை ஒழிக்கும் போராட்டமும் வேறல்ல. தொழிற்சங்கக் கூட்டங்களிலும் இளைஞர் அரங்குகளிலும் தோழர்கள் இக்கணக்கை விளக்க வேண்டும். கடனில் சிக்கியவரைப் பழிக்காமல் அவருக்குத் துணை நிற்பதே நம் முதல் கடமை.